பில் போடும் பெட்டிக்கும் காலாவதி உண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா வாங்காமல் பஸ் ஏறுகிறவர்கள் குறைவு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. மறு வருஷம் அக்டோபர் 1 முதல், எடை போட்டுக் கொடுக்கும் இனிப்புத் தட்டின் மேலும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பாலும் சர்க்கரையும் கலந்த பண்டம். நாள் கடந்தால் அட்டை சொல்லாவிட்டாலும் நாக்கு சொல்லிவிடும்.

தட்டுக்கு அட்டை வைத்தாயிற்று. கல்லாவில் பில் போடும் கணினிக்கு யார் அட்டை வைப்பது? அதற்குள் ஓடுவது விண்டோஸ் 7 என்றால் அது காலாவதியான நாள் 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10 என்றால் 2025 அக்டோபர் 14. இரண்டிலும் வாடை வராது, நிறம் மாறாது. காலையில் பட்டனை அமுக்கினால் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல பில் போடும். சிக்கலே அங்கேதான்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்பதைப் பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்காரருக்கு விளக்குவது சுலபம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து நூற்பாலைகளோடு வளர்ந்த ஊர் அது. மில்லில் முதலாளி நேரே போய் ஸ்பிண்டிலைத் தொடுவதில்லை. மேஸ்திரியிடம் சொல்வார். எந்த மெஷினில் யாரை நிறுத்துவது, எதை முதலில் ஓட்டுவது, எங்கே நூல் அறுந்தது என்பதெல்லாம் மேஸ்திரி பாடு. டேலியும் வேர்டும் குரோமும் வேலை சொல்கிறவை. பிராசஸரும் மெமரியும் பிரிண்டரும் வேலை செய்கிறவை. நடுவில் நிற்கிற மேஸ்திரிதான் விண்டோஸோ லினக்ஸோ. புது மேஸ்திரி வந்தால் என்ன ஆகும் என்பதும் ஊருக்குத் தெரியும். பழைய மெஷினின் சுபாவம் அவருக்குப் பிடிபடாது. பழைய ஆட்களில் சிலரை அவர் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. பத்து வருஷம், பெரும்பாலும் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒட்டுப் போட்டு வந்தது. 2025 அக்டோபர் 14-ம் ஓர் இரண்டாவது செவ்வாய்தான். அன்றோடு வழக்கமான ஒட்டு வேலை நின்றது, கணினி நிற்கவில்லை. 'அதான் ஓடுதே' என்று விட்டுவிடலாமா என்றால், அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸ் 11 புத்தம் புதிதாக வானத்திலிருந்து விழுந்ததல்ல. 10-ன் உடம்பிலிருந்து வளர்ந்தது. 11-ல் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே அடைத்தார்கள் என்று பார்த்தாலே எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்குத் தெரிந்துவிடும். அதே ஓட்டை 10-லும் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே அடைக்க ஆளில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு 2017 மே 12 சாட்சி. வானாக்ரை என்ற பணயத் தீநிரல் அன்று கிளம்பி 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை பிரம்மோற்சவத்துக்குப் போகிற திருமலையிலும், தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சில மாட்டிக்கொண்டன. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யால் வந்த வினை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கணக்கெடுத்துப் பார்த்தபோது மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்கு அது உயிரோடு இருந்த பதிப்பு. அந்த ஓட்டைக்கு ஒட்டு மார்ச் 14-ம் தேதியே வந்துவிட்டது. 'அப்டேட்னு கேட்டுச்சு, அப்புறம்னு அமுக்கிட்டேன்' என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டினார்கள். புதிய பதிப்பை வாங்கி வைத்துக்கொண்டு அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர், விண்டோஸ் 7 வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

சரி, எல்லோரும் 11-க்கு மாறிவிடலாமே? அங்கேதான் மைக்ரோசாஃப்ட் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறது. 4 ஜி.பி. மெமரியும் 64 ஜி.பி. இடமும் பெரிய விஷயமில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறைக்குக் குறையக் கூடாது. அது வெளிவரத் தொடங்கியதே 2017-ன் பிற்பகுதியில்தான். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐ3, ஐ5 ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அதை அடுத்து வரும் எண்ணில்தான் ரகசியம். ஐ3-4130 என்றால் நான்காவது தலைமுறை, உள்ளே விடமாட்டார்கள். ஐ5-8400 என்றால் எட்டாவது, தாராளமாகப் போகலாம். ஐ5-7400 வைத்திருப்பவர் ஒரே ஓர் எண்ணில் வெளியே நிற்கிறார். அவருடைய கணினி இன்றைக்கும் சிணுங்காமல் ஓடுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எட்டாவது தலைமுறையே கையில் இருந்தும் 'இந்தக் கணினிக்கு 11 ஏறாது' என்று திரையில் வருவதுண்டு. உடனே புது சிஸ்டத்துக்கு விலை கேட்டு ஓட வேண்டாம். விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனைச் சேர்த்து அமுக்கி, வரும் சின்னக் கட்டத்தில் டி.பி.எம். புள்ளி எம்.எஸ்.சி. என்று அடித்துப் பார்த்தால் சில்லு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று தெரியும். அசெம்பிள் செய்த சிஸ்டங்கள் பலவற்றில் அது பயாஸ் அமைப்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இரண்டு நிமிட வேலை.

வாசலில் நிற்கும் காவலாளியை ஏமாற்றிப் பின்பக்கமாக ஏற்றும் வித்தையும் சர்வீஸ்காரர்களின் பென் டிரைவில் இருக்கிறது. ஏறும், ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வீட்டில் பிள்ளைகள் படம் பார்க்கிற மடிக்கணினிக்கு அது போதும். ஆடிட்டர் கணக்கு இருக்கிற சிஸ்டத்துக்குப் போதாது. 'கிராக்' போட்ட விண்டோஸ் இன்னும் மோசம். பாதுகாப்புக்காகப் புதிய பதிப்புக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, யாரோ முகம் தெரியாதவர் செய்த ஆக்டிவேஷன் நிரலுக்கு நிர்வாகி உரிமையைக் கொடுப்பது, புதுப் பூட்டு வாங்கிச் சாவியைத் திண்ணையில் வைக்கிற கதை.

அவகாசம் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. தனிநபர் கணினிகளுக்கு விண்டோஸ் 10-ன் பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டுள்ளன. 30 டாலர் கட்டலாம்; அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகக் கிடங்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமல் கிடைக்கும். இதைச் சொல்லாமலே 'உடனே மாத்துங்க சார்' என்று சொல்லும் கடைக்காரரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இவ்வளவும் கணினியைப் பற்றிய பேச்சு. ராஜபாளையம் வட்டாரத்தில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணினி இல்லை. அதன் வாலில் கட்டியிருக்கிற பொருள்.

மில்லின் டைம் ஆபீஸ் மாதிரியான இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் போட, தொண்ணூறுகளில் யாரோ ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக்கொடுத்த நிரல். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது, விரல்கள் தானாக ஓடும். அகலத் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே கார்பன் நகலோடு அடித்துத் தள்ளும். இந்த டாஸ் காலத்து நிரல்கள் 16 பிட் உலகத்தில் பிறந்தவை. 32 பிட் விண்டோஸ் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு கிடைத்தது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். அங்கே 16 பிட் நிரல் திறக்கவே திறக்காது. புது மேஸ்திரி பழைய ஆளைச் சேர்க்கமாட்டார் என்று முன்னால் சொன்னது இதைத்தான். டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரலுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பல சமயம் திரை வந்துவிடும், பிரிண்டர்தான் வராது. டாஸ் நிரல் நேராக எல்.பி.டி. போர்ட்டுக்கு எழுத்தை அனுப்பும். புது மதர்போர்டுகளில் அந்தப் போர்ட்டைப் பார்ப்பதே அரிது. அதே போர்ட்டில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் என்ற டாங்கிள் வேறு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பஞ்சின் இழை நீளத்தையும் வலிமையையும் சோதிக்கிற ஆய்வுக்கூடக் கருவிகள் இன்னொரு ரகம். கருவியின் விலையில் அதோடு வந்த கணினி ஒரு சுண்டைக்காய். ஆனால் கருவியோடு பேசத் தெரிந்த டிரைவர் அந்தக் கணினியின் எக்ஸ்.பி.யிலோ 7-லோதான் இருக்கும். அங்கே ஓ.எஸ்.ஸை மாற்றினால் கருவி ஊமையாகிவிடும். இந்த இடத்தில் பழையதை வைத்துக்கொள்வது கஞ்சத்தனமும் இல்லை, அறியாமையும் இல்லை. நெட் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். கண்ட பென் டிரைவையும் செருக விடக் கூடாது. ஹார்டு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுத்து, நாள் எழுதி பீரோவில் வைக்க வேண்டும். இருபது வருஷ ஹார்டு டிஸ்க் வைரஸால் சாவதைவிட வயதால் சாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கருவி செய்கிறவர்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாகக் கொடுக்கும் நீண்டகால விண்டோஸ் 10 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஒட்டு உண்டு. புதுக் கருவி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம்.

எழுத்துருக் கதை தனி. பக்கத்திலேயே சிவகாசி, காலண்டரும் நோட்டீசும் லேபிளும் அச்சாகும் ஊர். இந்த வட்டார டி.டி.பி. சென்டர்களின் பழைய கோப்புகளில் பெரும்பகுதி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கரில் அடித்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல் வந்தது. 2004-ல் அடோபி அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் கல்யாணப் பத்திரிகைகள் அதில் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இல்லாத சிஸ்டத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால் அந்த ஐந்தும்தான் பல்லிளிக்கும். நல்ல வேளையாக அந்த எழுத்துருக் கோப்புகள் விண்டோஸ் 11-லும் ஏறும். ஏறாமல் போவது, அவற்றோடு வந்த பழைய விசைப்பலகை நிரல்களில் சில. பத்தாண்டுக் கோப்புகளை எடுத்து வைத்தவர்கள் எழுத்துருவை எடுத்து வைக்க மறந்து, சிஸ்டத்தை ஃபார்மட் அடித்துவிட்டு நிற்பது நடக்கிற கதை.

யூனிகோடில் அடித்தவர்களும் முழுக்கத் தப்பவில்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து தமிழுக்கென்று கூடவே வந்த எழுத்துரு லதா. விண்டோஸ் 10-லிருந்து அதைக் கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குள் ஒதுக்கிவிட்டார்கள், கேட்டால்தான் வரும். லதாவில் அடித்த மனுவைப் புதுக் கணினியில் திறந்தால் நிர்மலா எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். எழுத்து வாசிக்கக் கிடைக்கும். வரியின் அகலம் மாறி, மூன்றாம் பக்கக் கையெழுத்து நான்காம் பக்கத்துக்குத் தள்ளிப்போகும். முத்திரைத்தாளில் வரி பிசகாமல் அடித்துப் பழகிய தட்டச்சருக்கு அது சின்ன விஷயம் இல்லை. விருப்ப அம்சங்கள் பகுதிக்குப் போய்த் தமிழ் துணை எழுத்துருக்களை இறக்கிக்கொண்டால் லதா திரும்பி வந்துவிடும்.

இணையத்தோடு தொட்டுக்கொள்ளாத வரைக்கும் பழையதை ஓட்டலாம் என்ற நியாயம், கணக்குப் பிரிவுக்கு வந்ததும் செத்துப்போகிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2023 ஆகஸ்டு முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ளவர்கள் விலைப்பட்டியலையே மின்முறையில் பதிய வேண்டும். சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்கிற பேண்டேஜ் துணி கப்பல் ஏற வேண்டுமானால் சுங்கத் துறையின் இணையதளம் வழியாகத்தான் காகிதம் நகரும். இதற்கெல்லாம் புதிய பிரவுசர் வேண்டும். குரோம் 2023 பிப்ரவரியோடு விண்டோஸ் 7-ஐயும் 8.1-ஐயும் கைவிட்டுவிட்டது. சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கும், தளம்தான் திறக்க மறுக்கும். பணம் விஷயத்தில் அரசுக்கும் பொறுமை கிடையாது. ஏ.டி.எம். இயந்திரங்களில் ஆதரவு முடிந்த விண்டோஸை வைத்திருக்காதீர்கள் என்று 2018 ஜூனில் வங்கிகளுக்குக் கெடு வைத்தது ரிசர்வ் வங்கி: முதலில் கால்வாசி, பிறகு அரைவாசி, 2019 ஜூனுக்குள் முழுவதும் என்று. பேங்க் லாகின் திறக்கிற எந்தக் கணினிக்கும் அந்த விதி பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

விண்டோஸை விட்டே வெளியேறியவர்களும் இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, இங்கேதான். 2007-ல் தொடங்கிய மின் நீதிமன்றத் திட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றத்தின் மின் குழு நாடெங்கும் உள்ள கீழமை நீதிமன்றங்களுக்கு உபுண்டு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. நீதிமன்ற வேலைக்கென்று மாற்றியமைத்த பதிப்பு. வழக்கு விவரங்களைப் பதியும் மென்பொருளும் திறந்த மூல அடிப்படையில் செய்ததுதான். உரிமத்துக்குப் பணமில்லை. பழைய கணினியிலும் மூச்சு முட்டாமல் ஓடும். இதற்குக் கொடுத்த விலை பயிற்சி. விண்டோஸில் பழகிய கைகளுக்குப் புதிய மெனுக்களைச் சொல்லித் தரவேண்டியிருந்தது.

இலவசம் என்பதால் லினக்ஸுக்குக் காலாவதி கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு ஐந்து வருஷம். 2016-ல் வந்தது 2021-ல் முடிந்தது. 2024-ல் வந்தது 2029 வரை தாங்கும். பழையதா புதியதா என்ற கேள்வி அங்கேயும் வரும். ஒரே வித்தியாசம், புதியது உங்கள் ஏழாம் தலைமுறைப் பிராசஸரை வாசலில் நிறுத்தி வைக்காது. டேலிதான் அங்கே நேராக ஓடாது. வியாபாரிகள் லினக்ஸ் பக்கம் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழகத்துக்கு இந்த அனுபவம் புதிதும் இல்லை. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோனது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் மையம் டெபியன் அடிப்படையில் உருவாக்கிய இந்திய ஓ.எஸ். அது. எதில் ஏறுவது என்று கணினி திறக்கும்போதே கேட்கும். வாங்கிய வாரத்திலேயே 'இடத்தை அடைக்குது' என்று அந்தப் பகுதியை அழிக்கச் சொல்லி எத்தனை மடிக்கணினிகள் கடைக்குப் போயிருக்கும்! அவற்றில் சில இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால், டைப் அடிக்கவும் பாடம் பார்க்கவும் இன்றைக்கும் உதவும்.

2025-ல் ஆயுத பூஜை அக்டோபர் 1-ல் வந்தது. மில்லிலும் கடையிலும் கணினிகளைத் துடைத்து, மானிட்டர் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தார்கள். பதிமூன்றே நாளில் அவற்றில் பலவற்றுக்கு ஆதரவு முடிந்தது. நீட்டித்த கெடு முடியும் 2026 அக்டோபர் 13-ம் நவராத்திரிக்குள்ளேயே விழுகிறது. துடைப்பதற்காக எப்படியும் பெட்டியை இழுத்து வெளியே வைப்பார்கள். அப்போதே பிராசஸரின் எண், பின்பக்கம் எல்.பி.டி. போர்ட் இருக்கிறதா, டாங்கிள் எது, எந்தெந்த எழுத்துருக்கள் உள்ளே இருக்கின்றன என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால், சர்வீஸ்காரர் வந்ததும் கேட்கப்போகிற கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கும்.